கூடாரத்தில் இருந்தபடியே புரொபேஷனை முடிக்க: கலிபோர்னியாவில் வீடற்றவர்களுக்குத் துணை நிற்போருக்கான முழு வழிகாட்டி

கலிபோர்னியாவில் புரொபேஷனில், அதாவது சிறைக்குப் பதிலாக நீதிமன்ற நிபந்தனைகளோடு வெளியே, இருக்கும் ஒருவர் மேம்பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டுத் தூங்குகிறார் என்றால், அவரைச் சிறைக்கு அனுப்பப்போவது பெரும்பாலும் அந்தக் கூடாரம் அல்ல. கூடாரத்துக்கு ஒரு டிக்கெட், அதாவது விதிமீறல் சீட்டு, எழுதுவார்கள். நீதிமன்றத் தேதி அந்தச் சீட்டில்தான் இருக்கும். சில நாளில் கூடாரங்கள் இருக்கும் முகாமைக் காலி செய்யும்போது சீட்டு வைத்திருந்த பை குப்பை லாரிக்குப் போய்விடும். தேதிக்கு ஆள் வரவில்லை என்று வாரண்ட் பிறக்கும். வேறு எதற்கோ போலீஸ் நிறுத்திப் பெயரைக் கேட்கும்போது அந்த வாரண்ட் வெளியே வரும், கைது நடக்கும், புரொபேஷன் ரத்தாகும். பழைய வழக்கில் நிறுத்தி வைத்த தண்டனை உயிர்பெற்றுவிடும்.

இந்த ஓட்டத்தை நடுவில் வெட்டுவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் முக்கியமான பிடி ஒன்று உண்டு. புரொபேஷனை ரத்து செய்ய, அந்த நபர் நிபந்தனையை *வேண்டுமென்றே* மீறியிருக்க வேண்டும். இயலாமையால் தவறியது மீறல் ஆகாது. ஆனால் இயலாமையைக் காட்ட ஆதாரம் வேண்டும். வீடு இல்லாதவரிடம் ஆதாரம் தங்குவதில்லை. கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை அந்த ஆதாரத்தைச் சேர்ப்பதும் காப்பதும்தான்.

உணவுப் பொட்டலத்தோடு முகாமுக்குப் போகும் தன்னார்வலராகவோ, சமூகப் பணியாளராகவோ, அங்கே இருப்பவரின் உறவினராகவோ நீங்கள் இருக்கலாம். அவருடைய வழக்கறிஞரின் இடத்தை இந்தக் கட்டுரை நிரப்பாது. அவரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

2024-க்குப் பிறகு மாறியது என்ன

2018-இல், கலிபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி நீதிமன்றமான ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மார்ட்டின் எதிர் பாய்சி வழக்கில் ஒரு பாதுகாப்பு கொடுத்திருந்தது. படுக்க வேறு இடமே இல்லாதவரை, பொது இடத்தில் தூங்கினார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூன் 28-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிராண்ட்ஸ் பாஸ் எதிர் ஜான்சன் வழக்கில் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்தப் பாதுகாப்பை நீக்கியது. பொது இடத்தில் கூடாரம் போடுவதைத் தடுக்கும் சட்டம் கொடூரமான தண்டனைக்கு எதிரான, அரசியலமைப்பின் எட்டாவது திருத்தத்தை மீறாது என்பது தீர்ப்பு.

ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் ஊரில் இருந்த விதிகளைப் பாருங்கள். முதலில் 295 டாலர் அபராதம். கட்டாவிட்டால் அது 500 டாலரைத் தாண்டும். இரண்டு டிக்கெட் வாங்கியவரைப் பூங்காவுக்குள் 30 நாள் நுழையக் கூடாது என்று தடை போடலாம். தடையை மீறி நுழைந்தால் அது குற்றவியல் அத்துமீறல்: 30 நாள் வரை சிறை, 1,250 டாலர் வரை அபராதம். தூங்கியதற்கான அபராதச் சீட்டு மூன்று படியில் சிறைத் தண்டனையாக வளர்ந்துவிடுகிறது. புரொபேஷனில் இருப்பவருக்கு இந்தப் படிகள் இன்னும் குறைவு.

தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள், 2024 ஜூலை 25-ஆம் தேதி, கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் மாநில நிலங்களில் உள்ள முகாம்களை அகற்றும்படி நிர்வாக ஆணை போட்டார். நகரங்களும் அப்படியே செய்ய ஊக்குவித்தார். சான் ஹோசே நகரமன்றம் 2025 ஜூனில், தங்குமிடம் கொடுத்தும் மூன்று முறை மறுப்பவரை அத்துமீறலுக்காகக் கைது செய்ய இடமளிக்கும் கொள்கையை ஏற்றது.

முதல் வேலை: நீதிமன்ற உத்தரவின் நகலை வாங்குங்கள்

"நான் புரொபேஷன்ல இருக்கேன்" என்று ஒருவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பலருக்குத் தாங்கள் எந்த வகைக் கண்காணிப்பில் இருக்கிறோம் என்றே தெரியாது. அவர்களிடம் யாரும் பொறுமையாக விளக்கியிருக்க மாட்டார்கள். தண்டனை கொடுத்த கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத்தின் எழுத்தர் அலுவலகத்திலோ, வசதியில்லாதவர்களுக்கு அரசு தரும் வழக்கறிஞரான பப்ளிக் டிஃபெண்டரின் அலுவலகத்திலோ உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் பார்க்க வேண்டியவை சில.

எந்த வகை? மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்றங்களுக்குப் பெரும்பாலும் நீதிமன்றமே பார்த்துக்கொள்ளும் புரொபேஷன்தான் கிடைக்கும். அதில் அதிகாரி கிடையாது. எதைச் சொல்வதானாலும் நீதிமன்றத்திடம்தான் சொல்ல வேண்டும். ஃபெலனி என்ற கடும் குற்றங்களுக்கு முறையான புரொபேஷன், அதற்கு அதிகாரி உண்டு. இதில் ஒரு குழப்பம் வரும். 2011-ஆம் ஆண்டின் ஏபி 109 சட்டத்துக்குப் பிறகு, மாநிலச் சிறையிலிருந்து வெளிவரும் பலரைக் கவுண்டி புரொபேஷன் அதிகாரிகளே கண்காணிக்கிறார்கள். அது புரொபேஷன் அல்ல. அதில் இருப்பவரை நீதிபதி முன் நிறுத்தாமலே 10 நாள் வரை உள்ளே வைக்க முடியும். பரோல், அதாவது சிறையிலிருந்து விடுவித்த பின் மாநிலம் வைக்கும் கண்காணிப்பு, வேறொன்று. அதில் மீறலுக்குக் கவுண்டி சிறையில் 180 நாள் வரை போடலாம்.

எப்போது முடிகிறது? 2021 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள ஏபி 1950 சட்டப்படி, மிஸ்டிமீனருக்கு ஓராண்டு, ஃபெலனிக்கு இரண்டாண்டு என்பதே பொதுவான உச்ச வரம்பு. வன்முறைக் குற்றங்கள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் வாரண்ட் விழுந்து புரொபேஷன் தற்காலிகமாக ரத்தானால் காலக்கணக்கு அங்கேயே நின்றுவிடும். ஒளிந்திருந்து நாளைக் கடத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

தண்டனை எப்படி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது? இதைக் கட்டாயம் பாருங்கள். நீதிபதி தண்டனையை அறிவிக்காமலே புரொபேஷன் கொடுத்திருந்தால், மீறல் நிரூபணமானாலும் தண்டனையின் அளவைப் பற்றி வாதாட இடம் இருக்கிறது. மூன்றாண்டு என்று அறிவித்துவிட்டு, நிறைவேற்றத்தை மட்டும் நிறுத்தி வைத்திருந்தால் நிலைமை வேறு. புரொபேஷனைத் தொடரவோ புதுப்பிக்கவோ நீதிபதி மறுத்துவிட்டால் அதே மூன்றாண்டைத்தான் போட வேண்டும், குறைக்க முடியாது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1997-இல் ஹவர்ட் வழக்கில் இதை உறுதிசெய்தது. இந்த இரண்டாவது வகையில் இருப்பவருக்கு ஒரு சாதாரண டிக்கெட்டும் பெரிய விஷயம். அவரை முதலில் கவனியுங்கள்.

அவர் படுக்கும் இடத்தின் சட்டம்

எல்லாப் புரொபேஷன் உத்தரவிலும் "எல்லாச் சட்டங்களுக்கும் கீழ்ப்படிந்து நட" என்ற வரி இருக்கும். அதனால் நகர விதி, மாநிலச் சட்டம் எல்லாமே அவருடைய நிபந்தனைகள் ஆகிவிடுகின்றன.

கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 647-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எந்த இடத்திலும், வண்டியிலும்கூட, தங்குவதை மிஸ்டிமீனர் ஆக்குகிறது. அதற்கு மேல் நகர விதிகள். லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சிச் சட்டத்தின் 41.18-ஆம் பிரிவின்படி பள்ளி, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றிலிருந்து 500 அடிக்குள் உட்காரவோ படுக்கவோ கூடாது. எதிர்ப்பக்க நடைபாதைக்கு நகர்ந்தாலே சிக்கல் தீரும் இடங்கள் உண்டு. தெருவைக் குறிப்பிட்டு, விதி எங்கே பொருந்துகிறது என்று உள்ளூர்ச் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள்.

டிக்கெட்டில் எந்த வகைக் குற்றம் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சாதாரண விதிமீறல் என்றால் அபராதம்தான், சிறை கிடையாது. மிஸ்டிமீனர் என்றால் வழக்கறிஞர் பெறும் உரிமையும் வரும், ஆபத்தும் கூடும்.

மாநிலம் விட்டு மாநிலம் போகலாமா என்று சிலர் யோசிப்பார்கள். அனுமதி இல்லாமல் போவதே மீறல். போகும் இடம் மோசமாகவும் இருக்கலாம். டென்னசியில் 2022 ஜூலை முதல் அனுமதியில்லாத பொது நிலத்தில் கூடாரம் போடுவது ஆறாண்டு வரை சிறை தரக்கூடிய ஃபெலனி. டெக்சஸில் 2021 முதல் மாநிலம் முழுக்கத் தடை, 500 டாலர் வரை அபராதம். புளோரிடாவில் 2024 அக்டோபர் முதல், கவுண்டிகளும் நகரங்களும் பொது இடத்தில் தூங்க அனுமதிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

முகவரி, ரிப்போர்ட்டிங், காகிதம்

வீடு இல்லை என்பது மீறல் ஆகாது. வீடு இல்லை என்பதைச் சொல்லாமல் இருப்பது மீறல் ஆகலாம். இடம் மாறினால் எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவில் எழுதியிருக்கும். ஒவ்வொரு முறை முகாம் நகரும்போதும் தெரிவிக்க வேண்டும். "இன்ன தெருவும் இன்ன தெருவும் சந்திக்கும் இடத்தில், பாலத்தின் வடக்குப் பக்கம்" என்று சொன்னால் போதும்.

வாயால் மட்டும் சொல்லிவிட்டு வரக் கூடாது. புரொபேஷன் அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வருபவருக்குப் பழையவரிடம் சொன்னது தெரியாது. குறுஞ்செய்தி, மின்னஞ்சல் என ஏதாவது ஒரு வழியில் தேதியோடு எழுத்தில் போகட்டும். நேரில் போனால் வரவேற்பறையில் கையெழுத்திட்ட தாளைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் படங்கள் அவருடைய போனில் மட்டும் இருந்தால் போன் தொலையும் அன்று எல்லாம் போய்விடும். உங்கள் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். பலருக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்று நான் நம்புகிறேன்: அவருடைய காகிதங்களுக்கு நனையாத, பறிபோகாத ஓர் இடமாக இருப்பது.

கடிதம் வர ஒரு முகவரி வேண்டும். பகல்நேர உதவி மையங்கள், சில தேவாலயங்கள், சட்ட உதவி நிறுவனங்கள் இதற்கு இடம் தருகின்றன. போனுக்கு, வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை தரும் லைஃப்லைன் என்ற கூட்டாட்சித் திட்டம் இருக்கிறது. அடையாள அட்டையை வீடற்றவர்களுக்குக் கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறை கட்டணம் இல்லாமல் தருகிறது. வீடற்ற நிலைக்கு ஒரு சான்று மட்டும் வேண்டும்.

பாலியல் குற்றப் பதிவேட்டில் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. வீடற்றவர் ஆன ஐந்து வேலை நாளுக்குள் பதிய வேண்டும், பிறகு 30 நாளுக்குள் ஒருமுறை மறுபடியும் மறுபடியும் பதிய வேண்டும். தவறினால் அதுவே புதுக் குற்றம். காலண்டரில் குறித்துவைத்து நினைவூட்டுங்கள்.

கூடாரத்துக்குள் நடக்கும் தேடல்

புரொபேஷன் உத்தரவுகள் பலவற்றில், வாரண்ட் இல்லாமலே உடலையும் உடைமையையும் தங்குமிடத்தையும் தேட ஒப்புக்கொள்ளும் நிபந்தனை இருக்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல் நைட்ஸ் வழக்கில், அப்படிப்பட்டவரின் வீட்டை நியாயமான சந்தேகத்தின் பேரிலேயே தேடலாம் என்றது. அந்த நிபந்தனை இல்லாதவரின் கூடாரத்துக்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு என்று வாதாட இடம் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் பிப்பின் வழக்கில், பொது நிலத்தில் இருந்த வீடற்றவரின் கூடாரத்துக்கும் மாநில அரசியலமைப்பின்படி அந்தரங்க உரிமை உண்டு என்று சொன்னது.

நடைமுறைச் சிக்கல் பங்கு போட்டுக்கொள்ளும் கூடாரத்தில்தான் வருகிறது. பக்கத்தில் படுத்திருப்பவருடைய போதைப்பொருள், ஊசி, கத்தி எதுவானாலும் "இவருக்கும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது" என்று எழுதிவிடுவார்கள். தனிப் பை, அதன் மேல் பெயர், முடிந்தால் தனிக் கூடாரம் என்று ஏற்பாடு செய்ய உதவுங்கள். பாதுகாப்புக்காகக் கத்தியோ குழாயோ வைத்துக்கொள்வது முகாம்களில் சகஜம். ஆயுதத் தடை உள்ளவருக்கு அது நேரடி மீறல். கடையின் தள்ளுவண்டியில் சாமான் வைத்திருப்பதும் கலிபோர்னியாவில் தனிக் குற்றம். ஒரு மடக்கு வண்டி வாங்கிக் கொடுப்பது சின்னச் செலவு, அந்தப் பிரச்சினை அதோடு தீரும்.

சில உத்தரவுகளில், தண்டனை பெற்ற இன்னாருடன் பழகக் கூடாது என்று இருக்கும். முகாமில் அதைக் கடைப்பிடிக்க வழியே இல்லாமல் போகலாம். அப்போது நிபந்தனையை மாற்றக் கேட்க வேண்டும். அதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

தேட வரும் போலீசைக் கையால் தடுக்க வேண்டாம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "புரொபேஷன் நிபந்தனையைத் தாண்டிய எதற்கும் நான் சம்மதிக்கவில்லை" என்று வாயால் சொன்னால் போதும். தேடல் சட்டப்படி நடந்ததா என்பதைப் பிறகு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

முகாமைக் காலி செய்ய வரும் நாள்

மாநில நிலத்தில் நியூசமின் ஆணைப்படி முடிந்தவரை 48 மணி நேர முன்னறிவிப்பு தர வேண்டும், எடுத்த உடைமைகளை 60 நாள் வைத்திருக்க வேண்டும். நகரங்களுக்கு அவரவர் விதி. எங்கேயானாலும், ஆள் இல்லாத நேரத்தில் உடைமையை எடுத்து உடனே அழிப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2012-இல் லாவன் எதிர் லாஸ் ஏஞ்சலஸ் வழக்கில் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கிராண்ட்ஸ் பாஸ் தீர்ப்பு இந்த உரிமையைத் தொடவில்லை.

அறிவிப்பு ஒட்டியதும் முதலில் நகர வேண்டியவை நீதிமன்றத் தாள்கள், அடையாள அட்டை, மருந்து, போன், காலில் கண்காணிப்புப் பட்டை இருந்தால் அதன் சார்ஜர். பட்டையில் சார்ஜ் இறங்கினாலும் மீறல் என்றுதான் பதிவாகும். அறிவிப்பையும், எடுத்துப்போன பொருட்களையும் படம் எடுங்கள். உடைமை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நீதிமன்றத் தாள் அன்றே போய்விட்டது என்றால், அதே நாளில் அதிகாரிக்கும் வழக்கறிஞருக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். பிறகு "தேதி தெரியாது" என்று சொல்லும்போது அந்தச் செய்திதான் சாட்சி.

தங்குமிடம் தருகிறோம் என்று சொன்னார்களா, எங்கே, எத்தனை மணிக்கு, மறுத்தால் ஏன் மறுத்தார் என்பதையும் குறித்துவையுங்கள். படுக்கை நிரம்பியிருந்தது, மனைவியைத் தனியாக அனுப்பச் சொன்னார்கள், இரவு வேலைக்குப் போக முடியாது என்பதெல்லாம் பின்னால் தேவைப்படும் காரணங்கள்.

டிக்கெட்டும் வாரண்டும்

டிக்கெட் கையில் வந்த அன்றே படம் எடுத்து, தேதியை மூன்று இடத்தில் எழுதுங்கள். பழைய வழக்கின் பப்ளிக் டிஃபெண்டருக்குச் சொல்லுங்கள். அபராதத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்று தோன்றும். கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம், அதுவே புரொபேஷன் மீறலாகத் திரும்பலாம். கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

வேறு போக்கிடம் இல்லாததால் தூங்கினேன் என்ற வாதத்துக்குக் கலிபோர்னியாவில் இன்னும் உயிர் இருக்கிறது. 1998-இல் ஐகார்ன் வழக்கில், சாண்டா ஆனா நகரின் கூடாரத் தடையை மீறியதாகத் தண்டிக்கப்பட்ட வீடற்றவருக்கு, 'தவிர்க்க முடியாத தேவை' என்ற எதிர்வாதத்தை ஜூரி முன் வைக்க உரிமை உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அன்றிரவு தங்குமிடங்கள் நிரம்பியிருந்தன என்ற சான்று இந்த வாதத்துக்கு உயிர்நாடி.

வாரண்ட் விழுந்துவிட்டதா? ஒளிய வேண்டாம். தனியாகவும் போய் நிற்க வேண்டாம். வழக்கறிஞர் மூலம் வழக்கை நீதிமன்றப் பட்டியலில் போடச் சொல்லி, தானாக ஆஜராவதுதான் நல்லது. தானாக வந்தவரை நீதிபதி பார்க்கும் விதமே வேறு. 2022 ஜனவரி முதல் அமலில் உள்ள ஏபி 1228 சட்டப்படி, புரொபேஷன் மீறல் விசாரணை முடியும்வரை பிணைத்தொகை இல்லாமல் சொந்தப் பொறுப்பில் விடுவிப்பதே பொது விதி. கடும் குற்றச்சாட்டுகள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. இந்தச் சட்டத்தை நினைவூட்டும்படி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ரத்து விசாரணை

இதைப் புதிய வழக்காக நினைத்துவிடாதீர்கள். ஜூரி கிடையாது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குப் பட்டாலே போதும். அதனால் கூடார வழக்கு தள்ளுபடியான பிறகும் அதே சம்பவத்தை வைத்து புரொபேஷனை ரத்து செய்ய முடியும். ஆனால் எழுத்தில் அறிவிப்பு, ஆதாரங்களைப் பார்க்கும் உரிமை, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை ஆகியவை உண்டு. 1973-இல் காக்னன் எதிர் ஸ்கார்பெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை உறுதிசெய்தது. அங்கே தன் தரப்பைச் சொன்னால் அது புது வழக்கின் விசாரணையில் தனக்கு எதிராக வருமோ என்ற பயத்துக்கும், 1975-இல் கோல்மன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் பெருமளவு பாதுகாப்பு தந்திருக்கிறது.

வாதத்தின் மையம் 'வேண்டுமென்றே செய்தாரா' என்பதுதான். 1983-இல் பேர்டன் எதிர் ஜார்ஜியா வழக்கில், பணம் கட்ட முயன்றும் முடியாதவரை அந்த ஒரே காரணத்துக்காகச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கலிபோர்னியாவில் 1992-இல் ஜாரிங் வழக்கு இன்னும் நெருக்கமானது. நீதிமன்றத்துக்கு 22 நிமிடம் தாமதமாக வந்த ஒரு தாயின் புரொபேஷனை ரத்து செய்தார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டி வந்த எதிர்பாராத நெருக்கடியில் அவர் தாமதமானார், வேண்டுமென்றே மீறவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கியது.

இந்த இடத்தில்தான் நீங்கள் சேர்த்து வைத்த படங்கள், செய்திகள், சீட்டுகள் பேசும். அவற்றை நாள்வாரியாக ஒரே தாளில் எழுதி, பிரதிகளை இணைத்து, விசாரணைக்கு முன்பே வழக்கறிஞரிடம் கொடுங்கள். பப்ளிக் டிஃபெண்டருக்கு வழக்குகள் குவிந்திருக்கும். தேடி எடுக்க நேரமில்லாத அவருக்குத் தொகுத்த தாள் பெரிய உதவி. நேரில் போய் நீதிமன்றத்தில் உட்காருங்கள். அவருக்காக ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பதை நீதிபதியும் கவனிப்பார்.

"ஒப்புக்கொண்டால் இன்றே வெளியே வரலாம்" என்ற பேரம் வரும். குடியுரிமை இல்லாதவர் என்றால் குடியேற்றச் சட்ட வழக்கறிஞரிடம் கேட்காமல் அதற்குச் சம்மதிக்கக் கூடாது. ரத்தான பிறகு போடும் சிறைக்காலமும் நாடுகடத்தல் கணக்கில் சேரும். சில குற்றங்களுக்கு ஓராண்டைத் தொட்டாலே விளைவு கடுமையாகிவிடும்.

மீறல் வருவதற்கு முன்பே நிபந்தனையை மாற்றுங்கள்

எனக்குத் தெரிந்து அதிகம் பயன்படுத்தாமல் விடப்படும் வழி இதுதான். தண்டனைச் சட்டத்தின் 1203.3-ஆம் பிரிவு, புரொபேஷன் நிபந்தனைகளை மாற்றவும் காலத்துக்கு முன்பே முடித்து வைக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. நிரந்தர முகவரி வேண்டும் என்ற நிபந்தனை, ஊரின் மறுகோடியில் நேரில் ரிப்போர்ட் செய்யும் கட்டாயம், இன்னாருடன் பழகக் கூடாது என்ற, முகாமில் கடைப்பிடிக்க முடியாத தடை ஆகியவற்றை மாற்றக் கேட்கலாம். 1975-இல் லெண்ட் வழக்கில் வகுத்த அளவுகோல் இதற்கு உதவும். செய்த குற்றத்தோடு தொடர்பில்லாத, தன்னளவில் குற்றமே இல்லாத செயலைத் தடுக்கிற, எதிர்காலக் குற்றத்தைத் தடுக்கவும் உதவாத நிபந்தனை செல்லாது.

பழைய டிக்கெட்டுகள் குவிந்திருந்தால் வீடற்றோர் நீதிமன்றம் இருக்கிறதா என்று கேளுங்கள். சான் டியேகோவில் 1989-இல் முன்னாள் படைவீரர்களுக்கான உதவி முகாம் ஒன்றில் தொடங்கிய முறை அது. நீதிபதியே தங்குமிடத்துக்கு வருவார். சிகிச்சை, பயிற்சி, வேலை தேடல் என்று அவர் ஏற்கனவே செய்த முயற்சிகளை அபராதத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்வார்கள். மாநிலத்தின் பல கவுண்டிகளில் இதேபோன்ற அமர்வுகள் நடக்கின்றன. சேர்வதற்கு அங்கே உள்ள உதவி அமைப்பு ஒன்றின் பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் தேவைப்படும். அதனால் அவர் பயிற்சிக்குப் போன நாட்களின் வருகைச் சீட்டையும் அந்த ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள்.